டிரைவரில் எடை கூட்டினால் தூரம் கூடுமா? மலையில் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆடிப் பழகிய ஒருவர் மே மாதம் கொடைக்கானல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் டிரைவர் கிளப்பின், அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டையின், அடியில் இருந்த திருகு எடையைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கனமான ஒன்றைப் போட்டிருக்கிறார். முதல் டீயிலேயே (ஆட்டம் தொடங்கும் இடம்) பந்து வழக்கத்தைவிட 15 யார்டு தள்ளிப் போய் விழுகிறது. "எடை வேலை செய்யுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அந்த 15 யார்டைக் கொடுத்தது எடை இல்லை, மலைக்காற்று. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 7,000 அடியில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று மெலிந்தால் பந்தைப் பிடித்து இழுக்கும் தடையும் குறையும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி இங்கே டிரைவர் அடி 8 சதவீதம் வரை கூடுதலாகப் போகும். கீழே 200 யார்டு அடிப்பவருக்கு எந்த மாற்றமும் செய்யாமலே 16 யார்டு கிடைத்துவிடும். ஊட்டி இன்னும் கொஞ்சம் உயரம், குன்னூரை ஒட்டிய வெலிங்டன் கொஞ்சம் தாழ்வு. கணக்கு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எடை கூட்டுவதால் வரும் மாற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று யார்டு. மலை தரும் மாற்றமோ அதைப் போல ஐந்தாறு மடங்கு. பெரியதைப் பிரித்து வைக்காமல் சிறியதை அளக்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் எடையை எங்கே ஒட்டுவது என்பதைவிட, ஒட்டிய பிறகு எப்படிச் சோதிப்பது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடை என்ன செய்கிறது: ஒரு சின்னக் கணக்கு

சம்மட்டியால் அடித்தால் ஆணி ஆழமாக இறங்கும், சின்னச் சுத்தியலால் அடித்தால் அவ்வளவு இறங்காது. எடையைப் பற்றிய நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. அது தப்பும் இல்லை. ஆனால் சம்மட்டியைச் சுத்தியல் வேகத்தில் யாராலும் வீச முடியாது என்பது அதே கதையின் மறுபாதி.

எண்களாகப் பார்ப்போம். விதிப்படி கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்றைய டிரைவரின் தலைப்பகுதியான ஹெட் பொதுவாக 195 முதல் 205 கிராம். ஹெட்டின் அடிக்கும் முகப்பான ஃபேஸ் பந்தை எவ்வளவு துள்ளவிடலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தத் துள்ளல் எண் சுமார் 0.83. மூன்றையும் வைத்து, நடு ஃபேஸில் நேராகப் பட்ட ஓர் அடிக்குக் கணக்குப் போட்டால், மணிக்கு 100 மைல் வேகத்தில் வரும் 200 கிராம் ஹெட் பந்தைச் சுமார் 148.8 மைல் வேகத்தில் அனுப்பும். அதே 100 மைல் வேகத்தில் 210 கிராம் ஹெட் வந்தால் 150.2 மைல். வித்தியாசம் 1.4 மைல். பந்தின் வேகம் ஒரு மைல் கூடினால் சுமார் 2 யார்டு கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக, 10 கிராம் கூட்டினால் 3 யார்டுக்கும் குறைவான லாபம்.

அந்த லாபமும் ஸ்விங் வேகம் துளியும் குறையாமல் இருந்தால்தான். வேகம் 100 மைலிலிருந்து 99 மைலுக்கு இறங்கினாலே லாபம் முழுவதும் கரைந்துவிடும். 10 கிராம் கனமான ஹெட்டை வீசும்போது பெரும்பாலோருக்கு ஏறக்குறைய அந்த அளவுதான் வேகம் குறையும். அதனால்தான் ஹெட் எடை பல வருடங்களாக 200 கிராமைச் சுற்றியே நிற்கிறது. வேகமும் கனமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் இடம் அது.

அப்படியானால் எடை மாற்றிய சிலருக்கு நிஜமாகவே தூரம் கூடுகிறதே, அது எப்படி? பந்து ஃபேஸின் நடுவில் படத் தொடங்குவதால்தான். பந்து வேகத்தை ஹெட் வேகத்தால் வகுத்து வரும் எண்ணை ஸ்மாஷ் ஃபேக்டர் என்பார்கள். 100 மைல் ஸ்விங்கில் அது 1.42 ஆக இருந்தால் பந்து வேகம் 142 மைல், 1.48 ஆக உயர்ந்தால் 148 மைல். ஆறு மைல் என்றால் 12 யார்டு. நடு ஃபேஸுக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் அரை அங்குலம்தான், ஆனால் யார்டுகள் ஒளிந்திருப்பது அங்கேதான். தலைப்பாரம் கையில் தெளிவாகத் தெரியும்போது சிலருடைய ஸ்விங் நிதானப்படும், அடி ஒரே இடத்தில் விழும். வேறு சிலருக்கு அதே பாரம் ஹெட்டைத் தாமதமாகக் கொண்டுவந்து அடியைக் கெடுத்துவிடும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

படி 1: உங்கள் கிளப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். டிரைவரின் மொத்த எடை, நீளம், ஹெட்டில் இப்போது இருக்கும் திருகு எடை எத்தனை கிராம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். திருகு எடையின் மேலேயே பெரும்பாலும் எண் இருக்கும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம். சமையலறைத் தராசில் ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

ஸ்விங் வெயிட் என்ற அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிளப்பின் மொத்த எடையை அது சொல்வதில்லை. கிரிப்பின், அதாவது கைப்பிடியின், முனையிலிருந்து 14 அங்குலத்தில் கிளப்பைத் தாங்கினால் தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சொல்கிறது. கடையில் வாங்கும் ஆண்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் டி2, டி3 என்ற அளவில் வரும். ஹெட்டில் சுமார் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். நீளத்தை அரை அங்குலம் குறைத்தால் மூன்று புள்ளி இறங்கும். கிரிப் 5 கிராம் கனமானால் ஒரு புள்ளி இறங்கும். இந்த மூன்று எண்ணும் மனப்பாடமாக இருந்தால் மீதி எல்லாம் சுலபம்.

படி 2: இப்போது அடி எங்கே படுகிறது?

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஃபேஸ் முழுவதும் ஒயிட்போர்டு மார்க்கரால் மெலிதாகத் தீட்டிவிட்டு அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். கால் பவுடர் ஸ்ப்ரேயும் நன்றாக வேலை செய்யும். ஒவ்வோர் அடிக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, துடைத்துவிட்டு, மறுபடி தீட்டுங்கள். கொடைக்கானலில் காலை நேரம் புல் நனைந்திருக்கும். பந்தைத் துணியால் துடைத்து டீயில் வைக்காவிட்டால் ஈரமே மையைக் கரைத்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு அடியில் ஒரு கோலம் தெரிந்துவிடும். தண்டான ஷாஃப்டை ஒட்டிய ஹீல் பக்கமா, வெளியே டோ பக்கமா, மேலேயா, கீழேயா? ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதா, முகமெல்லாம் சிதறுகிறதா? கூட்டம் நடுவில் இருந்தால் எடையால் உங்களுக்குக் கிடைக்கப்போவது மிகக் குறைவு. அந்த நேரத்தை வேறு பயிற்சிக்குக் கொடுங்கள். சிதறியிருந்தால் மேலே படிக்கலாம்.

படி 3: எடையைச் சேர்ப்பது

இரண்டு வழி இருக்கிறது. உங்கள் டிரைவரில் திருகு எடை இருந்தால், அதே நிறுவனம் அதே மாடலுக்கென்று விற்கும் எடைகளை மட்டும் வாங்குங்கள். ஒரு மாடலின் திருகு இன்னொன்றில் பொருந்தாது. பொருந்துவதுபோல இருந்தாலும் மரை கெட்டுப்போகும். கிளப்போடு வந்த டார்க் ரெஞ்சை வைத்தே முடுக்குங்கள், 'க்ளிக்' என்ற சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

திருகு இல்லாத கிளப்புக்கு லெட் டேப் போதும். அரை அங்குல அகலப் பட்டையில் சுமார் நான்கு அங்குலம் வெட்டினால் 2 கிராம் வரும், ஆனால் தடிமன் கடைக்குக் கடை மாறும் என்பதால் தராசில் போட்டுப் பார்த்தே ஒட்டுங்கள். ஹெட்டின் அடிப்பகுதியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, ஒரு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இது ஈயம். ஒட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கையில் துண்டுகள் கிடைக்கும்படி விடாதீர்கள். ஃபேஸின் மேல் எதையும் ஒட்டவே கூடாது.

முதலில் 2 கிராம், அப்புறம் 4, அப்புறம் 6. அதற்கு மேல் ஒரேயடியாகப் போக வேண்டாம். ஹெட் கனமாக ஆக ஷாஃப்ட் முன்பைவிட வளைந்துகொடுக்கும், கையில் மெத்தென்று தெரியும். 8 கிராமுக்கு மேல் போனால் கிட்டத்தட்ட வேறு கிளப்பை ஆடுவதுபோல ஆகிவிடும்.

எங்கே ஒட்டுவது? வழிகாட்டிகள் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். ஆனால் 4 கிராம் டேப்பை ஹெட்டின் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் ஈர்ப்பு மையம் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பந்தின் பாதையில் அது பெரிய மாற்றம் எதையும் செய்யாது, கையில் தெரியும் பாரத்தைத்தான் மாற்றும். 10 கிராம் திருகை முன்னாலிருந்து பின்னால் 8 சென்டிமீட்டர் நகர்த்தினால் மட்டும் 4 மில்லிமீட்டர் நகரும், அதன் விளைவு பந்தில் தெரியும். ஹீல் பக்கம் போட்டால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் திரும்ப உதவும், டோ பக்கம் போட்டால் அதற்கு எதிர்மாறு. முன்னால் போட்டால் சுழற்சி குறைந்து பந்து தாழ்வாகப் போகும். பின்னால் போட்டால் பந்து உயரமாக எழும்பும், ஓரத்தில் பட்ட அடியும் அவ்வளவாகக் கெடாது.

மலையில் ஆடுபவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மெலிந்த காற்றில் தடை மட்டும் குறைவதில்லை, சுழலும் பந்தை மேலே தூக்கிப்பிடிக்கும் விசையும் குறைகிறது. அதனால் இங்கே அதே அடி கீழே போவதைவிடத் தாழ்வாகப் போகும். சமவெளிக்காக எழுதப்பட்ட அறிவுரையைப் பின்பற்றி 'சுழற்சியைக் குறை' என்று எடையை முன்னால் தள்ளினால், நடுத்தர வேகக்காரரின் பந்து சீக்கிரம் தரையிறங்கிவிடும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் எடையைப் பின்னால் வைத்துத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மழைக்காலத்தில் புல்வெளிப் பாதையான ஃபேர்வே ஊறிப்போய் விழுந்த பந்து உருளாமல் நிற்கும்போது, காற்றில் போகும் தூரம்தான் கணக்கு. அப்போது இது இன்னும் உண்மை.

இன்னொன்று. பக்கவாட்டில் வளைவதும் இங்கே குறையும். கீழே வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த பந்து இங்கே கொஞ்சம் நேராகப் போனால், ஹீல் எடை அந்த வளைவை, அதாவது ஸ்லைஸை, சரிசெய்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

படி 4: சோதனை

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கப்பட்டது. பில்லர் ராக்ஸ் போகும் சாலையில் 18 ஹோல்களோடு மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. அழகான இடம், ஆனால் தூரம் அளக்க மிகவும் ஏமாற்றும் இடம். இறக்கத்தில் விழுந்த பந்து ஓடிக்கொண்டே இருக்கும், ஏற்றத்தில் விழுந்தது முளையடித்தாற்போல நின்றுவிடும். ஒரே ஹோலில் பத்து யார்டு தள்ளி விழுந்த இரண்டு பந்துகளில் எது நல்ல அடி என்று கடைசியாக நின்ற இடத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

ஆகவே தூரத்தை விடுங்கள், பந்து வேகத்தைப் பாருங்கள். ஃபேஸை விட்டுக் கிளம்பும் கணத்தில் பந்தின் வேகம் எவ்வளவு என்பதில் மலையின் உயரத்துக்கோ சரிவுக்கோ எதிர்க்காற்றுக்கோ பங்கே இல்லை. பந்தின் வேகத்தை அளக்கும், பையில் போட்டு எடுத்துப் போகக்கூடிய சிறிய லாஞ்ச் மானிட்டர் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். அது காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம். உயரத்தைக் கணக்கில் எடுக்காத கருவி கடல் மட்டத் தூரத்தைத்தான் சொல்லும். ஹெட் வேகம், பந்து வேகம், எழும்பும் கோணம் இந்த மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி கிடைக்காவிட்டால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கிளப்பில் அனுமதி கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு சமதளமாக உள்ள ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பையைத் தூக்கி வரும் கேடி அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, பந்து முதலில் தரையைத் தொடும் இடத்தில் குச்சி நடச் சொல்லுங்கள். "அண்ணே, உருண்டு நின்ன இடம் வேண்டாம், விழுந்த இடம் மட்டும் போதும்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் புல்லில் தினமும் நடப்பவர் என்பதால் பந்து விழுவதை அவர் பார்க்கும் கண் நமக்கு வராது. அவர் ஓரமாக, பாதுகாப்பான தூரத்தில் நின்ற பிறகுதான் அடிக்க வேண்டும். பிறகு லேசர் கருவியால் டீயிலிருந்து குச்சிவரை அளந்துகொள்ளலாம். காட்டெருமைகள் ஃபேர்வேயில் மேயும் நேரத்தில் சோதனையை ஒத்திப்போடுங்கள். கொடைக்கானலில் அது அபூர்வமான காட்சி இல்லை, அவை போகிறவரை காத்திருப்பதுதான் முறை.

அடிக்கும் முறையில் கறாராக இருங்கள். முதலில் பழைய எடையில் பத்து, அப்புறம் புதிய எடையில் பத்து என்று அடித்தால், இரண்டாவது பத்தில் உடம்பு சூடாகியிருக்கும் அல்லது களைத்திருக்கும். எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாமல் போகும். மூன்று பந்து பழையபடி, மூன்று பந்து புதியபடி என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது பதினைந்து அடி சேரட்டும். மோசமான அடியை 'இது கணக்கில் இல்லை' என்று ஒதுக்காதீர்கள். எடை மாற்றியதால்தான் அந்த அடி மோசமானதோ என்னவோ. சராசரிக்குப் பதிலாக, அடிகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் ஒரே ஒரு விபரீத அடி முடிவைக் கெடுக்காது.

முடிந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். எடையை நண்பரை மாற்றச் சொல்லி, எது போட்டிருக்கிறது என்று நீங்கள் பார்க்காமலே அடியுங்கள். புதிதாக வாங்கிய பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை நம் கையை எவ்வளவு வேகமாக வீச வைக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

குளிரையும் மறக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி காலையில் கார் டிக்கியில் கிடந்த பந்து இறுகிப்போய்த் துள்ளல் குறைந்திருக்கும். இரவே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்வெட்டர் போட்டு அடித்த நாளையும் அதைக் கழற்றி அடித்த நாளையும் ஒப்பிடாதீர்கள். மூடுபனி இறங்கினால் விழும் இடமே தெரியாது, ஆகவே முற்பகலில் முடித்துவிடுவது நல்லது. இதே சோதனையை வேறொரு நாளும் செய்து பாருங்கள். இரண்டு நாளும் ஒரே திசையைக் காட்டினால் மட்டும் நம்புங்கள்.

படி 5: முடிவைப் படிப்பது

ஹெட் வேகம் குறைந்திருக்கிறது, பந்து வேகம் மாறவில்லை என்றால் அடி நடுவில் படத் தொடங்கியிருக்கலாம். ஃபேஸ் படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கூட்டம் நெருங்கியிருந்தால் அதுதான் காரணம். தூரம் கூடாவிட்டாலும் இந்த எடையை வைத்துக்கொள்வேன். ஃபேர்வேயில் அதிகப் பந்துகள் நிற்கும்.

இரண்டும் குறைந்திருந்தால் எடையை உடனே எடுத்துவிடுங்கள். வயதில் மூத்தவர்களுக்கும், 85 மைலுக்குக் குறைவான வேகத்தில் வீசுபவர்களுக்கும் இப்படி ஆவது அதிகம். அவர்கள் எதிர்த்திசையில் சோதித்துப் பார்க்கலாம். 4 கிராம் குறைவான திருகைப் போட்டால் சிலருக்கு வேகம் ஏறும்.

பந்து வேகம் கூடி, அடி ஹீல் பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தால் இன்னும் லாபம் மிச்சம் இருக்கிறது. அதற்கு வழி நீளம். கடையில் வரும் டிரைவர்கள் 45.5 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கின்றன, தொழில்முறை டூர் வீரர்கள் பலர் அதைவிடக் குட்டையானதைத்தான் ஆடுகிறார்கள். அரை அங்குலம் குறைத்து 6 கிராம் கூட்டினால் கையில் தெரியும் பாரம் பழையபடியே இருக்கும், அடி நடுவுக்கு வரும். எடை கூட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த பயன் இதுதான். ஆனால் ஷாஃப்டை வெட்டிவிட்டால் மீட்க முடியாது. முதலில் கிரிப்பில் அரை அங்குலம் கீழே பிடித்துச் சில ரவுண்டு ஆடிப் பாருங்கள்.

படி 6: விதி

ஹெட்டின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது, எடைக்கு அப்படி வரம்பு கிடையாது. ரவுண்டு தொடங்குவதற்கு முன் டேப் ஒட்டலாம், திருகு மாற்றலாம். தொடங்கிய பிறகு வேண்டுமென்றே மாற்றி, அந்தக் கிளப்பால் ஓர் அடி அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள். ஆட்டத்தின் நடுவே டேப் தானாக உரிந்து விழுந்தால் அதே இடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்காக ஷாஃப்டில் மாட்டும் வளையங்களை ரவுண்டின்போது பயன்படுத்தக் கூடாது.

படி 7: மலை இறங்கும்போது

கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ ஆடப் போகிறீர்கள் என்றால், இங்கே பின்னால் வைத்த எடை அங்கே பந்தை அளவுக்கு மீறி மேலே தூக்கலாம். முதல் சில பந்துகளைக் கவனியுங்கள். உச்சிக்குப் போய் நின்று செங்குத்தாக இறங்கினால், போட்டிக்கு முந்தைய நாளே திருகை முன்னுக்கு மாற்றி, ஃபேஸில் மை தீட்டி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிராமையும் நோட்டில் குறித்துக்கொண்டால், திரும்ப மலையேறும்போது பழைய அமைப்புக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம்.